நெருக்கமானவர்: ஒருவர் மட்டும்

1

எனக்குப் பொறாமை அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம்.

நாங்கள் இருப்பது நார்வேயில், ஸ்டவங்கர் என்ற கடலோர ஊரில். அன்று சனிக்கிழமை காலை, வழக்கம்போல மழை. அம்மா இருக்கிற ஆரணியில் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அம்மா வீடியோவில் வந்து, பக்கத்து வீட்டு மாடு, அரிசி மில் தவிட்டுத் தூசி, எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "உன் ஆப்பு ஒரு பேரு கேட்டுச்சி. போட்டுட்டேன்" என்றாள்.

என் ஆப்பு என்று அம்மா சொல்வது நான் வேலை செய்யும் செயலியை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றைப் போனில் ஏற்றிவைக்கிற செயலி. அதற்குத் திரைகளை வடிவமைப்பது என் பிழைப்பு. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், கை நடுங்குகிறவர் தொட்டால் வேறு பொத்தான் அமுங்காமல் இருக்க என்ன வழி, படிக்கத் தெரியாதவருக்குப் படம் காட்டுவதா குரலில் சொல்வதா, இதெல்லாம் என் தலைவலி. பல நாட்டு மனிதர்கள் பயன்படுத்துவதால் பல மொழிகளில் இருக்கிறது. தமிழும் உண்டு. சோதனைப் பதிப்பை வீட்டு ஆட்களின் போனில் போட்டுக்கொள்ள அலுவலகத்தில் அனுமதித்தார்கள். அம்மா போனில் போட்டேன்.

அளவு எல்லை மீறினால், நாம் முன்பே குறித்துவைத்த ஒருவருக்கு உடனே செய்தி போகும். "உங்களுக்கு நெருக்கமானவர் யார்?" என்று செயலி கேட்கும். கீழே ஒரே ஒரு கட்டம். அம்மா சொன்ன பெயர் அந்தக் கட்டத்துக்கு உரியது.

"யார் பேரு போட்ட?" என்றேன். பதில் தெரிந்த மாதிரி சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"ஸ்டெல்லா பேரு."

"எந்த ஸ்டெல்லா?"

"எத்தினி ஸ்டெல்லாடி கீறாங்க நமக்கு."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "என் பேரு போட்டிருக்கலாம் இல்ல?"

"நீ வருவியா?"

"வர முடியலன்னா இன்னா, எனக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற? அங்க உக்காந்துகினு அழுவ. உனக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு" என்று சொல்லிவிட்டு, அம்மா தக்காளி விலைக்குப் போய்விட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு நல்ல சொல் இருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

2

ஸ்டெல்லா ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். எங்களுக்குப் பின்தெரு. அவள் அப்பா பள்ளி ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பார். கணக்கில் அவள் முதல், நான் இரண்டாவது. என்ன படித்தாலும் இரண்டாவது. அவள் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். வீட்டுக்கு வந்தால் அம்மா அவள் கணக்கு நோட்டை வாங்கிப் பார்ப்பாள், பிறகு என் நோட்டைப் பார்ப்பாள். திட்ட மாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் சென்னையில் இன்ஜினியரிங் படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி நார்வே வந்தேன். அவள் பி.எட். முடித்து, போளூர் போகிற வழியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சரானாள். அவள் கணவர் செய்யாரில் ஃபேக்டரி வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து அழைத்துப்போகும். விமானத்தில் ஏறியபோது இந்தப் போட்டி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஜெயித்தது நான்தான் என்றும் நினைத்தேன்.

அப்பா தவறிய பிறகு அம்மா தனி. நான் ஒரே பிள்ளை. வீட்டில் இரண்டு பட்டுத்தறி ஓடுகிறது. கூலிக்கு ஆள் வந்து நெய்கிறார்கள், அம்மா மேற்பார்வை. "எங்கூட வந்துடும்மா" என்றால், "குளுர்ல இன்னா பண்றது" என்பாள். அந்தப் பேச்சு அதோடு முடியும்.

ஸ்டெல்லா பள்ளி விட்டதும் ஸ்கூட்டியை நேராக எங்கள் வீட்டு வாசலில் நிறுத்துகிறாள். மிளகு டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது, அம்மாவுக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள். வீடியோவில் பேசும்போது அம்மா போனைப் பிடித்தால் எனக்கு மின்விசிறிதான் தெரியும். திடீரென்று படம் நேராகும், அம்மா முகம் தெளிவாக வரும். ஓரத்தில் வாட்ச் கட்டிய ஒரு கை தெரியும். அது ஸ்டெல்லாவின் கை. என் அம்மா முகத்தை நான் ஒழுங்காகப் பார்ப்பதற்கே அவள் தயவு வேண்டியிருக்கிறது.

போதாததற்கு என் மகள் நிலா. பதினைந்து வயது. தமிழ் புரியும், வாயைத் திறந்தால் நார்வீஜிய மொழிதான் வரும். நான் தமிழில் கேட்டால் அவள் மொழியில் பதில் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். ஆனால் ஸ்டெல்லா திரையில் வந்து, "நெலா கண்ணு, இன்னா சாப்ட்ட சொல்லு" என்றால் திக்கித் திக்கித் தமிழில் முழு வாக்கியம் சொல்கிறாள். தப்பாகச் சொல்லி அவளே சிரிக்கிறாள். நான் திருத்தினால் கோபம் வருகிறது, ஸ்டெல்லா திருத்தினால் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன்.

3

அந்த ஒற்றைக் கட்டம் என் யோசனை. அதுதான் இதில் கொடுமை.

போன வருஷம் எனக்குப் பித்தப்பையில் கல். இங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் வலியைவிட முதலில் கணினியைத்தான் கவனிப்பார்கள். உங்கள் எண், விலாசம், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, கடைசியில், "உங்களுக்கு நெருக்கமானவர் யார்? ஒரு பெயர் சொல்லுங்கள்." என் கணவருக்குக் கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை, வாரக்கணக்கில் அங்கேதான். நிலா குழந்தை. பக்கத்து வீட்டு இங்கெர் பெயரைச் சொன்னேன். தனியாக இருக்கிற பெண்மணி, வயது அறுபதைத் தாண்டியிருக்கும், கார் வைத்திருக்கிறாள். "என்ன உறவு?" "பக்கத்து வீடு." கணினி முன் இருந்த பெண் தலை நிமிராமல் தட்டிக்கொண்டாள். இரண்டு பேர் சொல்லலாமா என்று கேட்டதற்கு, கட்டம் ஒன்றுதான் இருக்கிறது என்றாள்.

எங்கள் செயலியில் முதலில் ஐந்து பெயர் போடலாம் என்று இருந்தது. பயன்படுத்திப் பார்க்கப் பல பேரை அழைத்தோம். படிக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் குரல்பதிவாக அனுப்புகிற சோமாலியப் பெண், போனையே மகனிடம் கொடுத்துவிடுகிற துருக்கித் தாத்தா, யாழ்ப்பாணத்துப் பரமேஸ்வரியம்மா. 'மயக்கமாக இருக்கிறதா?' என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, "தலை சுத்துதோ எண்டு போடும் பிள்ளை, விளங்கும்" என்று திருத்தியவர் அவர். ஐந்து பேருக்குச் செய்தி போனால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஐந்து பேரும் சும்மா இருந்தார்கள். ஒருவருக்குப் போனால் அந்த ஒருவர் எழுந்து ஓடினார்.

பரமேஸ்வரியம்மாவிடம், "உங்கள் மகன் பெயரைப் போடலாமே" என்றேன்.

"மகன்ர பேர் போடமாட்டன். அவன் வேலையில நிப்பான். கீழ்வீட்டுத் துருக்கிக்காரியின்ர பேரைப் போடுறன். அவதான் ஓடி வருவா" என்றார்.

நான் அதை அப்படியே அலுவலகக் கூட்டத்தில் சொன்னேன். நெருக்கம் என்றால் உறவுமுறை இல்லை, ஓடி வருகிற தூரம் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். என் மேலதிகாரி அந்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டிவைத்தார். அம்மா ஸ்டெல்லா பெயரைப் போட்ட பிறகு நான் காபி குடிக்கப் போகும்போதெல்லாம் என் வாக்கியமே என்னைப் பார்த்து இளிக்கிறது. நான் டீக்கு மாறிவிட்டேன்.

4

அடுத்த கூட்டத்தில், இரண்டாவது கட்டம் ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

அழகாகப் பேசினேன் என்று எனக்கே தெரிந்தது. தெற்காசியக் குடும்பங்களின் அமைப்பு, வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளின் பங்கு, முதியவர்களின் மனநிம்மதி என்று அடுக்கினேன். பரமேஸ்வரியம்மாவைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒற்றைக் கட்டத்துக்காகச் சண்டை போட்டவளே வந்து கேட்கிறாளே, காரணம் இருக்கும் என்று ஒத்துக்கொண்டார்கள். இது வயிற்றெரிச்சல் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த நிலா, அவள் மொழியில், "ஆரணி ஆயா உன் பெயரைப் போடணும்னுதானே இவ்வளவும்?" என்றாள். பேசாமல் சாப்பிடு என்றேன்.

புதிய பதிப்பு அம்மா போனுக்குப் போய்ச் சேர்ந்த வாரம், பொறுக்க முடியாமல் கூப்பிட்டேன்.

"ரெண்டாவதா ஒரு பேரு கேட்டுதாம்மா?"

"கேட்டுச்சே. போட்டுட்டேன்."

"யாரு?"

"ஏழுமல."

"எந்த ஏழுமல?"

"ஆட்டோக்காரருடி. நல்ல மனுசன். வேலூரு ஆஸ்பத்திரிக்குன்னா கூட ஜல்தியா வந்து நிப்பாரு."

 படம் நேரானது. வாட்ச் கட்டிய கைக்காரி எட்டிப் பார்த்து, "நான் உன் பேரு தான் போடச் சொன்னேன் ரேவதி. அம்மா கேக்கல" என்றாள். என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். ஸ்டெல்லா என்னைத் தோற்கடித்தது பெரிதில்லை, இரக்கப்பட்டதுதான் தாங்கவில்லை. அடுத்த மாதமே ஆரணிக்கு டிக்கெட் போட்டேன்.

5

நிலாவுக்குப் பரீட்சை. கணவர் விடுப்பில் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டார். நான் மட்டும் போனேன். வேலூரில் பஸ் மாறியபோது கண்டக்டரிடம் சில்லறையை வாங்கிக்கொண்டு, வாய்ப் பழக்கத்தில் நார்வீஜிய மொழியில் நன்றி சொன்னேன். "இன்னாம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அமாவாசை. எங்கள் தெருவில் அமாவாசையன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். காலையிலிருந்தே சத்தமில்லை. தூங்கலாம் என்று பார்த்தால் வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன. எழுந்து வந்து பார்த்தால் முன்னறையில் பாயை விரித்துத் தெருவே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் அம்மா. அம்மா பக்கத்தில், பஞ்சு டப்பாவோடு ஸ்டெல்லா. நான் நார்வேயிலிருந்து அனுப்பிய சர்க்கரை பார்க்கும் மிஷினில் ஒவ்வொருவராக விரலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா ஆளுக்கு ஒரு புது ஊசி மாற்றிப் போடுகிறாள். அம்மா மிஷினில் வரும் எண்ணைப் பார்த்துத் தன் போனில் ஏற்றுகிறாள்.

தன் போனில். தன் பெயரில். என் செயலியில்.

"அம்மா, இன்னா பண்ற நீ?"

"அவங்க போன்ல இது இல்லடி. வேற எங்க ஏத்தறது? எது யாருதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

போனை வாங்கிப் பார்த்தேன். மாதம் முழுவதும் அம்மாவின் கோடு சாதுவாகப் போகிறது. அமாவாசை வந்தால் வானத்துக்குப் போகிறது, பாதாளத்துக்குப் போகிறது, ஒரே காலையில் பல தடவை செத்துப் பிழைக்கிறது. ஒவ்வொரு உச்சத்துக்கும் ஸ்டெல்லாவின் போன் டிங் என்றது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த விரலைத் துடைத்தாள்.

"மத்த நாள்ல வந்து பாத்துக்கக் கூடாதா?" என்று, விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த எங்கள் வீட்டு நெசவாளி முருகனைக் கேட்டேன்.

"குத்தன வெரலோட பட்டத் தொட முடியுமாக்கா? ஒரு பொட்டு ரத்தம் பட்டா பொடவ போச்சி. பட்டு குடுக்கற மொதலாளி நம்மள வுடுவாரா?" என்றார்.

அந்த வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாததில்லை. ஆனால் 'இன்று அளவு எடுக்கவில்லையே' என்று தினமும் காலையில் நச்சரிக்கிற நினைவூட்டலை வடிவமைத்தபோது நினைவுக்கு வரவில்லை. அதைப் பற்றி யோசிக்க வேண்டும்தான். அந்த நேரத்தில் எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஸ்டெல்லா மாட்டிக்கொண்டாள்.

எல்லோரும் போகும் வரை காத்திருந்து, "இத பாருடி" என்று ஆரம்பித்தேன். "இன்னிக்கு எத்தினி மெசேஜ் வந்துச்சி, எதையாவது பாத்தியா நீ? நாளைக்கு நெஜமாவே அம்மாவுக்கு ஏறிச்சின்னா, தெருவுல யாருக்கோன்னு நெனச்சிகினு வுட்ருவ. அப்ப இன்னா பண்ணுவ?"

குரலில் இருந்த சந்தோஷத்தை நானே கேட்டேன்.

ஸ்டெல்லா ஊசிகளைத் தனி டப்பாவில் போட்டு மூடினாள். "அதுக்கு தான் அமாவாசைக்கு லீவு போட்டுட்டு காலைலயே இங்க வந்து உக்காந்துக்கறேன்" என்றாள். "அம்மா வேற வெரதம். படையல் ஆவற வரைக்கும் மோரத் தவிர ஒண்ணும் தொட மாட்டாங்க. மயக்கம் கியக்கம் வந்தா?"

சொல்லிவிட்டு எழுந்து, அம்மாவுக்கு மோர் கரைக்க உள்ளே போனாள். இரண்டாம் ரேங்க் எனக்குப் புதிதில்லை. பாயைச் சுருட்டி வைத்தேன்.

6

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மா எனக்காக முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறியதை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அன்று வரவில்லை. நாங்கள் இருவர் மட்டும் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். அதையும் அவளே முடிவு செய்கிறாளே என்று எரிச்சல் வந்தது.

அம்மா எண்ணெயைப் பார்த்துக்கொண்டே, "ஏன்டி, அந்த ஆப்பு உன் போன்ல கீதா?" என்றாள்.

"இருக்கு."

"உன்துல யாரு பேரு போட்டுகிற? மாப்ள பேரா?"

"அவரு கடல்ல இருந்தா போன் போவாது. இங்கெர்னு பக்கத்து வீட்டம்மா. அவங்க பேரு." யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அம்மா ஒரு முறுக்கைத் திருப்பிப் போட்டாள். "வெள்ளக்காரியா?"

"ஆமா."

"எத்தினி நாளா பழக்கம்?"

"அந்த வூட்டுக்குப் போனதுலருந்து."

"உன் வூட்டு சாவி அவ கிட்ட இருக்கா?"

"ஒண்ணு இருக்கும்மா. ஊருக்குப் போனா செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க."

அடுப்பைத் தணித்தாள். கரண்டியை வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"ஆபரேசன் பண்ணிகினியே, அப்ப கூட அவ தான் வந்தாளா?"

"ம்."

"எங்கிட்ட எல்லாம் முடிஞ்சப்புறம் தான் சொன்ன."

நான் அடுத்த முறுக்கை எடுத்து டப்பாவில் அடுக்கினேன்.

"ரெண்டாவது எடம் வந்துச்சே. அதுல?"

"இன்னும் போடல."

"என் பேரு போடக் கூடாதா?"

"நீ எப்டிம்மா வருவ? பாஸ்போர்ட்டே கெடயாது உனக்கு."

"வரனோ இல்லியோ. எனக்குத் தெரிய வேணாமா?"

தெரிஞ்சு இன்னா பண்ணப் போற, அங்க உக்காந்துகினு அழுவ என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். உதடு இறுகியிருந்தது, மூக்கு விடைத்திருந்தது. காபி இயந்திரத்துக்கு எதிரே நின்றபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. என் அம்மா பொறாமைப்பட்டாள். ஸ்டவங்கரில் ஒருத்திமேல், எனக்காகப் பொறாமைப்பட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவ போட்டோ கீதா?" என்றாள். காட்டினேன். தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள். "மூஞ்சி பரவால்ல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் ஏழுமலையின் ஆட்டோ வந்து நின்றது. ஸ்டெல்லா பையைத் தூக்கி உள்ளே வைத்தாள். அம்மா முறுக்கு டப்பாவை மட்டும் கடைசி வரை தானே வைத்திருந்துவிட்டு என் கையில் கொடுத்தாள். ஆட்டோவுக்குள் தலையை நீட்டி, மற்றவர் காதில் விழாமல், "இது உனக்கும் நெலாவுக்கும் மாப்ளைக்கும். அவளுக்குக் குடுக்காத" என்றாள்.

திரும்பி வந்ததும் அலுவலகத்தில் அமாவாசைக் கோட்டைப் பெரிய திரையில் காட்டினேன். இப்போது அளவு ஏற்றுவதற்கு முன், அது யாருக்கு எடுத்தது என்று செயலி கேட்கிறது. தினசரி நச்சரிப்பையும் வேண்டாதவர்கள் நிறுத்திவைக்கலாம். என் போனில் இரண்டாவது கட்டத்தில் அம்மா பெயர் இருக்கிறது.

நான் ஊரிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் இங்கெர் வந்தாள். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டாள், ஜன்னலோரச் செடிகளைத் தொட்டுப் பார்த்து நன்றாக இருப்பதாகச் சொன்னாள். மேசையில் டப்பா திறந்திருந்தது. குனிந்து மோந்து பார்த்து, "அம்மா செய்ததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நல்ல வாசனை என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

நான் டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.